பினாங்கில் திருவிழா பார்க்க: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்குக்குத் திருவிழா பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்கும் விடுமுறை நாளைப் பார்த்து, அன்று காலை போய் இறங்குவார்கள். அதற்குள் ரதம் போயிருக்கும். சாலையில் உடைந்த தேங்காய் ஓட்டை லாரி அள்ளிக்கொண்டிருக்கும், ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கரும்புச் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். தமிழர் விழாவோ சீனர் விழாவோ கத்தோலிக்கர் விழாவோ, இந்த மாநிலத்தில் உச்சக்கட்டம் அநேகமாக முந்தைய நாளிலோ முந்தைய இரவிலோதான். கீழே உள்ளதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பினாங்கு மாநிலம் என்பது தீவு மட்டும் இல்லை. தீவில் ஜார்ஜ்டவுன், கடலுக்கு இப்பால் பெருநிலத்தில் செபராங் பிறை. பட்டர்வொர்த்தும் புக்கிட் மெர்தாஜாமும் இந்தப் பக்கம். பெரிய விழாக்களில் இரண்டு பெருநிலத்தில்தான் நடக்கின்றன. தீவிலேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

முதல் வேலை: பஞ்சாங்கத்தை எடுங்கள்

தமிழ் நாட்காட்டி பார்க்கத் தெரிந்தவருக்குச் சீன விழாத் தேதிகள் பாதி புரிந்த மாதிரி. சீன மாதம் அமாவாசையில் தொடங்குகிறது, பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். சீனப் பெருநாள் தை அமாவாசையிலோ மாசி அமாவாசையிலோ, அல்லது அதற்கு மறுநாளோ விழும். சீனர்கள் அமாவாசை நேரத்தைப் பெய்ஜிங் கணக்கில் பார்ப்பதால் ஒரு நாள் முன்பின் ஆகும். ஆகவே திதியை வைத்துத் தோராயமாகத் திட்டமிடுங்கள், டிக்கெட் எடுக்கும் முன் மலேசிய நாட்காட்டியில் சரிபாருங்கள்.

இதிலிருந்து ஒரு சூட்சுமம் கிடைக்கிறது. அந்த ஆண்டில் தைப்பூசம் முந்துகிறதா, சீனப் பெருநாள் முந்துகிறதா என்று பாருங்கள். சீனப் பெருநாள் முந்தினால், தைப்பூசமும் சீனப் பெருநாளின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் ஒரே பௌர்ணமியில் வந்து நிற்கும். 2023இல் இரண்டும் ஒரே நாள், 2025இல் அடுத்தடுத்த நாள். நான்கு நாள் தங்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம். தைப்பூசம் முந்தினால், 2024, 2026 ஆண்டுகளைப் போல, இடையில் இரண்டு வாரம் இடைவெளி விழும். 2027இலும் அப்படித்தான்: தைப்பூசம் ஜனவரி 22, சீனப் பெருநாள் பிப்ரவரி 6. அந்த மாதிரி ஆண்டுகளில் சாப் கோ மே மாசி மகத்தை ஒட்டி வரும். அதற்கும் ஒரு பயன் உண்டு, பின்னால் சொல்கிறோம்.

இதே கணக்கு நவராத்திரிக்கும் பொருந்தும். சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வ விழா ஒன்பதாம் சீன மாதத்தின் முதல் ஒன்பது நாள். 2023, 2024 ஆண்டுகளில் நவராத்திரியும் அதுவும் ஒரே அமாவாசையில் தொடங்கின. 2025இல் சீனர்களுக்கு அதிக மாதம் வந்ததால் அவர்கள் விழா ஒரு மாதம் தள்ளிப்போனது. 2026இல் மீண்டும் சேர்ந்துவிடும்: அக்டோபர் 10ஆம் தேதி அவர்களுக்கு, 11ஆம் தேதி நமக்கு.

இஸ்லாமிய விழாக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். கிறிஸ்தவ விழாக்களில் புனித அன்னம்மாள் திருவிழா நாள் மாறாது: ஜூலை 26.

இரண்டாவது வேலை: தங்குமிடம், போக்குவரத்து

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து ஃபெரி முனையத்துக்கு நடந்தே போகலாம். ஃபெரியில் பதினைந்து இருபது நிமிடத்தில் ஜார்ஜ்டவுன் ஜெட்டி. தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் வாரங்களில் ரயில் இருக்கை விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடும். பஸ் கிடைக்கும், ஆனால் நெடுஞ்சாலை நெரிசலில் ஐந்து மணி நேரப் பயணம் எட்டு ஒன்பது என்று இழுக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் மலேசிய மின்னியல் வருகை அட்டையை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் அல்ல.

அறையை ஜார்ஜ்டவுன் பழைய நகரத்துக்குள், லெபோ சூலியா தெருவுக்கும் பெங்காலான் வெல்டு சாலைக்கும் இடையில் எடுங்கள். கடற்கரை விடுதிகள் இருக்கும் பத்து ஃபெரிங்கி பார்க்க அழகுதான். ஆனால் விழா இரவில் அங்கே திரும்ப முடியாமல் தவிப்பீர்கள். நள்ளிரவுக்கு முன்பே ஃபெரி நின்றுவிடும், பஸ்ஸும் அப்படித்தான். சாலை மூடியிருக்கும்போது கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வண்டி உள்ளே வராது, வந்தாலும் கட்டணம் இரட்டிப்பாகக் காட்டும். பழைய நகரத்தில் தங்கினால் எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம்.

ரேபிட் பினாங்கு பஸ்ஸில் ஓட்டுநர் பாக்கி தரமாட்டார். சரியான சில்லறையோ முன்பணம் ஏற்றிய டச் அண்ட் கோ அட்டையோ வைத்திருங்கள், ஃபெரிக்கும் அந்த அட்டை உதவும். மனப்பாடம் செய்ய வேண்டிய தடங்கள் இரண்டே: 101 வடக்குக் கடற்கரை வழியாகத் தெலுக் பஹாங் வரை, 204 ஆயர் ஈத்தாம் வழியாகப் பினாங்கு மலை அடிவாரம் வரை.

மூன்றாவது வேலை: விழாவுக்கு முன் ஒரு தெருவை நடந்து பாருங்கள்

வந்த அன்று மாலையே ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்துவிடுங்கள். வடக்கு முனைக்குச் சற்றுத் தள்ளி 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அடுத்து குவான் யின் கோயில். ஒரு தெரு உள்ளே திரும்பினால் லெபோ குவீனில் 1833ஆம் ஆண்டு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். அதன் பிறகு 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் மொகிதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். லெபோ சூலியா முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சிறிய தர்கா. எல்லாம் கால் மணி நேர நடைக்குள் அடங்கும். விழாக்களில் ஊர்வலம் எங்கே தொடங்கும், எங்கே திரும்பும் என்பது இந்த நடையில் பிடிபட்டுவிடும். கூட்டம் கூடிய பிறகு வழி கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

தைப்பூசம்: மூன்று நாள்

பத்துமலைக்குப் போய்ப் பழகியவர்கள் பினாங்குத் தைப்பூசத்தை அதே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். இங்கே அமைப்பு வேறு.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் ரத நாள். ரதம் ஒன்றல்ல, இரண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. லெபோ பினாங்கில் இருக்கும் நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து விடியற்காலையில் முருகனை ஏற்றிக்கொண்டு புறப்படும், இழுப்பவை காளைகள். தங்க ரதம் 2017இல் வந்தது, பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தினுடையது. லெபோ குவீன் மாரியம்மன் கோயிலிலிருந்து வேலை ஏற்றிக்கொண்டு புறப்படும், இதை இழுப்பவர்கள் பக்தர்கள். இரண்டும் போய்ச் சேரும் இடம் தண்ணீர்மலை, அதாவது ஜாலான் கெபுன் பூங்கா. வெள்ளி ரதம் அங்கே 1857இல் கட்டப்பட்ட நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலில் நிற்கும். தங்க ரதம் மேலே அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில் அடிவாரம் வரை போகும். சும்மா நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் தொலைவுதான். ரதம் வீட்டுக்கு வீடு அர்ச்சனைக்கு நின்று நின்று போவதால் பகல் முழுக்க ஓடிவிடும்.

ரத நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

காலை 5 மணிக்கு லெபோ குவீன் கோயில் வாசலில் இருங்கள். இரண்டு ரதங்களும் புறப்படும் இடங்கள் சில நிமிட நடைத் தொலைவில்தான் உள்ளன. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். இந்த நேரத்தில் கூட்டம் குறைவு, படமும் நன்றாக வரும்.

7 மணிக்கு மேல் ரதத்துக்குப் பின்னால் நடக்காதீர்கள், முன்னால் போய்விடுங்கள். தேங்காய் உடைப்பது ரதத்துக்கு முன்னால்தான். சாலையோரம் குவியல் குவியலாக அடுக்கி வைத்திருப்பார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம், ஒரு வியாபாரி நூற்றுக்கணக்கில் உடைப்பது இங்கே சாதாரணம். இத்தனை தேங்காய் வீணாகிறதே என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறது. நேர்த்திக்கு ஒரு காய் போதும் என்பதே எங்கள் கருத்தும், ஆனால் குவியல் குறைந்தபாடில்லை.

இங்கே அடிபடுகிறவர்கள் பக்தர்கள் அல்ல, வேடிக்கை பார்ப்பவர்கள். ஓடு தரையில் பட்டு முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கும், தேங்காய்த் தண்ணீர் பட்ட தார்ச் சாலை வழுக்கும். முன்மூடிய ஷூ போடுங்கள், குவியலிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நில்லுங்கள், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்ளாமல் உங்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். உடைத்து முடித்ததும் சாலையைத் துப்புரவு செய்ய வண்டி வேகமாக வரும், அதற்கும் வழி விட வேண்டும்.

இரண்டாம் நாள் தைப்பூசம். லோரோங் கூலிட் பகுதியிலிருந்தும் வேறு கோயில்களிலிருந்தும் காவடிகள் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்கு வரும். மலைக்கோயிலுக்கு 513 படி. காலை 4 மணிக்கு முன் ஏறினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். 9 மணிக்கு மேல் ஏறத் தொடங்கினால் படியில் நிற்கும் நேரம்தான் அதிகம், நடக்கும் நேரம் குறைவு. வெயிலில் தார்ச் சாலை காலைச் சுட்டுவிடும். நேர்த்திக்கடன் இல்லாதவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டியதில்லை, அடிவாரத்தில் கழற்றினால் போதும். செருப்பை அங்கே விட்டுவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பையில் ஒரு துணிப்பை வைத்திருந்து அதில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். ஜாலான் உத்தாமாவிலிருந்து கோயில் வரை சாலையின் இரு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள். மோர், பானகம், சாதம் எல்லாம் இலவசம். தொழிற்சாலைப் பந்தலில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சேர்ந்து பரிமாறுவதைப் பார்க்கலாம். சொந்தமாக ஒரு குவளை கொண்டுபோங்கள். பந்தல்களின் ஒலிபெருக்கி காதைப் பிளக்கும், கைக்குழந்தையோடு போகிறவர்கள் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். அலகு குத்தும் இடத்தில் படம் எடுப்பதானால் குடும்பத்தாரிடம் கையசைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் தலையாட்டுவார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்தால் திட்டு வாங்குவீர்கள், அதுவும் நியாயம்தான்.

மூன்றாம் நாளைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. அன்று மாலை ரதங்கள் நகரத்துக்குத் திரும்பத் தொடங்கும், இரவெல்லாம் ஓடும். விளக்கு அலங்காரத்தில் வெள்ளி ரதம் பகலைவிட இரவில்தான் அழகு. கூட்டமும் நெரிசலும் பாதிகூட இருக்காது. வயதானவர்களோடு வருகிறவர்கள் முதல் இரண்டு நாளை விட்டுவிட்டு இந்த ஓர் இரவை மட்டும் பார்த்தாலும் நட்டமில்லை.

சீனப் பெருநாள்: எட்டாம் இரவுக்காகப் போங்கள்

சீனப் பெருநாளின் முதல் இரண்டு நாள் ஜார்ஜ்டவுனில் அமைதிதான். குடும்பங்கள் வீட்டுக்குள், சீனக் கடைகள் மூடியிருக்கும். அங்காடிச் சாப்பாட்டுக்கென்றே பினாங்கு வந்தவர்கள் அந்த நாட்களில் தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார் சோற்றுக் கடைகளையும் லிட்டில் இந்தியாவையும் நம்பித்தான் பசியாற வேண்டும். பார்க்க வேண்டியவை அதற்குப் பிறகு வருகின்றன.

பினாங்குச் சீனர்களில் ஹொக்கியன் மக்கள் அதிகம். அவர்களுக்குப் பெருநாளைவிடப் பெரிது தீ கோங் என்னும் விண்ணரசர் பிறந்தநாள். பகைவரிடமிருந்து தப்பி அவர்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார்களாம். வெளியே வந்த நாள் ஒன்பதாம் நாள், அதனால் கரும்பு இல்லாமல் இந்தப் பூசை இல்லை. ஒன்பதாம் நாள் என்று போட்டிருந்தாலும் சீனக் கணக்கில் அந்த நாள் முந்தைய இரவு 11 மணிக்கே பிறந்துவிடும். ஆக நீங்கள் போக வேண்டியது எட்டாம் நாள் இரவு. 2027 கணக்கில் பிப்ரவரி 6 முதல் நாள் என்றால், 13ஆம் தேதி இரவு. 14ஆம் தேதி போய் ஏமாறாதீர்கள்.

இடம், பெங்காலான் வெல்டில் உள்ள சியூ ஜெட்டி. கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய குல வீடுகளின் குடியிருப்பு இது. சாலையோரம் நீளமாக மேசைகளை இணைத்துப் போட்டு, இருபுறமும் முழுக் கரும்பைத் தோகையோடு கட்டி நிறுத்தியிருப்பார்கள். பொங்கல் கரும்பு ஞாபகம் வராமல் போகாது. மேசையில் அன்னாசி, ஆமை வடிவச் சிவப்புப் பலகாரம், முழுப் பன்றி வறுவல், தங்கக் காகித மடிப்புகள். 8 மணிக்குப் போனால் மேசைகளை நிதானமாகப் பார்க்கலாம். 10 மணிக்கு மேல் நகர இடம் இருக்காது. நள்ளிரவை ஒட்டி வாணவேடிக்கை, பூசை முடிந்ததும் காகிதத்தையும் கரும்பையும் சாலையில் போட்டு எரிப்பார்கள். அனல் கடுமையாக இருக்கும். செயற்கை நூல் புடவை, துப்பட்டா, நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் கண்ணில் விழும். மரப்பாலத்தின் உள்ளே போனால் அவை குடியிருக்கும் வீடுகள் என்பது நினைவிருக்கட்டும். பலகைக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே கடல்.

பதினான்காம் நாள் இரவு தஞ்சோங் தோக்கோங் துவா பெக் கோங் கோயிலில் சுடர் பார்த்துக் குறி சொல்லும் சடங்கு நடக்கும். விளக்கை அணைத்துவிட்டு, தூபக்கலசத்தை ஆட்டி எழுப்பும் சுடர் எவ்வளவு உயரம் போகிறது என்பதை வைத்து ஆண்டின் பொருளாதாரம் எப்படி என்று சொல்வார்கள். மூன்று முறை, ஆண்டின் மூன்று பகுதிக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், மறுநாள் செய்தித்தாளில் முடிவு வந்துவிடும். 101 பஸ் அந்த வழியாகவே போகிறது.

பதினைந்தாம் இரவு சாப் கோ மே. பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் மணமாகாத பெண்கள் கமலா ஆரஞ்சைக் கடலில் எறிவார்கள், நல்ல கணவன் அமைய. மலாய்ப் பண்பாடு கலந்த சீனர்களான பாபா நியோன்யா மக்களின் பாட்டும் உண்டு. தைப்பூசம் முந்தும் ஆண்டுகளில் இதே பௌர்ணமியை ஒட்டி மாசி மகம் வரும் என்று முன்பு சொன்னோம். தெலுக் பஹாங் ஸ்ரீ சிங்கமுக காளியம்மன் கோயிலின் தெப்பம் அன்றுதான் கடலில் இறங்கும். இரண்டும் ஒரே தேதியில் விழுந்தால் மாலையில் தெப்பம், இரவில் ஆரஞ்சு என்று பார்க்கலாம். ஆனால் பத்து ஃபெரிங்கி சாலை குறுகல், வளைவு, இரவுச் சந்தை நெரிசல் வேறு. திரும்ப ஒன்றரை மணி நேரம் ஒதுக்காவிட்டால் இரண்டாவது கைநழுவும். ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் எங்கள் ஓட்டு தெப்பத்துக்கே.

புக்கிட் மெர்தாஜாம்: ஜூலையில் அன்னம்மாள், ஆகஸ்டில் பேய் மாதம்

புனித அன்னம்மாள் திருத்தலம் ஹக்கா சீனக் கத்தோலிக்கர்கள் தொடங்கியது. இன்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் நாடெங்கிலுமிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள். வேளாங்கண்ணிக்குப் போவதுபோல இந்துக்களும் மெழுகுவத்தியோடு வந்து நிற்பார்கள். 1888இல் கட்டிய பழைய ஆலயமும் 2002இல் எழுந்த பெரிய புதிய ஆலயமும் ஒரே வளாகத்தில் உள்ளன. 2019இல் இது பசிலிக்கா என்னும் பேராலயத் தகுதி பெற்றது. திருவிழா ஜூலை 26ஐ ஒட்டிப் பத்து நாள். தமிழ்த் திருப்பலி நேரம் தனியாக இருக்கும், நவநாள் அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். மெழுகுவத்திப் பவனி நடக்கும் இரவுதான் உச்சம். அன்று காரில் போவது வீண், கடைசி இரண்டு கிலோமீட்டர் நகராது. பட்டர்வொர்த்திலிருந்து கொமூட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் நிலையம் வரை போய், அங்கிருந்து வண்டி பிடித்து, நெரிசல் தொடங்கும் இடத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். பவனியில் மெழுகு ஒழுகிக் கையைச் சுடும். வத்தியோடு ஒரு காகிதக் கிண்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் சீன மாதம் பேய் மாதம், ஆவிகளுக்குப் படையல் போடும் காலம். ஒரே நாளில் முடியும் விழா அல்ல இது. சந்தைக்குச் சந்தை, தெருவுக்குத் தெரு தனித்தனி நாளில் பந்தல் போடுவதால் மாதத்தில் எந்த இரவு போனாலும் எங்காவது ஒரு மேடை நிகழ்ச்சி இருக்கும். தாய் சூ யா என்னும் பேய்களின் அரசனுக்குக் காகித உருவம் செய்து, கடைசி இரவில் எரிப்பார்கள். மிகப் பெரிய உருவம் என்று பெயர் வாங்கியது புக்கிட் மெர்தாஜாம் நகர நடுவில் நிற்பது. நினைவில் வைக்க வேண்டிய விதிகள் சில. மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலி காலியாக இருந்தால் உட்காராதீர்கள், அது வராதவர்களுக்கு, அதாவது ஆவிகளுக்கு. சாலையோரம் எரிந்த காகிதக் குவியலையும் நட்டு வைத்த ஊதுவத்தியையும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். படையல் உணவைத் தொடாதீர்கள்.

ஒன்பது பேரரசர் விழா: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்ற ஒன்பது நாள்

பட்டர்வொர்த் ஜாலான் ராஜா உடாவில் உள்ள தௌ பூ கோங் கோயில்தான் இதற்குப் பெரிய இடம். ஃபெரி முனையத்திலிருந்து கிராப்பில் சில நிமிடம். வெள்ளை உடை, மஞ்சள் கொடி, ஒன்பது நாளும் சைவம். தெரு முழுக்கச் சைவச் சாப்பாட்டுக் கடைகள், மஞ்சள் கொடி கட்டிய வண்டி எல்லாம் சைவம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பினாங்கு அங்காடி உணவை அச்சமின்றிச் சுவைக்க இதைவிட நல்ல வாரம் இல்லை. வெங்காயம், பூண்டும் சேர்க்கமாட்டார்கள். கோழி, மீன் வடிவத்தில் இருப்பதெல்லாம் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தது. பார்த்துப் பதறிவிட வேண்டாம்.

தெய்வத்தை வரவேற்பது விழாவுக்கு முந்தைய இரவு, கடற்கரையிலிருந்து. வழியனுப்புவது ஒன்பதாம் இரவு, மீண்டும் கடலுக்கே. இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்தால் போதும், வழியனுப்புதல் பிரமாண்டம். பல்லக்கு ஆடி ஆடி வரும், தூக்குகிறவர்கள் நேராக நடக்கமாட்டார்கள். சாலை நடுவில் நின்றால் மோதிவிடுவார்கள். அருள் வந்தவர்களைத் தொடக் கூடாது. துக்கம் காக்கும் வீட்டார் கிட்டே போவதில்லை என்பது அவர்கள் மரபு. செப்டம்பர், அக்டோபர் பினாங்கில் மழைக்காலம், மாலை மழை அநேகமாக உறுதி. குடையைவிட மழைக்கோட்டு நல்லது, கூட்டத்தில் குடைக்கம்பி அடுத்தவர் கண்ணில் குத்தும்.

நேரம் இருந்தால்

நோன்பு மாதத்தில் போனால் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ரமலான் சந்தைகள். நோன்பு திறக்கும் நேரம் ஏழரை மணியை ஒட்டி. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் காய்ச்சுவது தமிழ் முஸ்லிம்களின் அதே நோன்புக் கஞ்சி. பகலில் இந்திய முஸ்லிம்களின் உணவகங்களான மாமாக் கடைகள் பல மூடியிருக்கும், சாப்பாட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 13ஐ ஒட்டி சயாமியப் புத்தாண்டான சோங்கிரான் தண்ணீர் விழா, புலாவ் தீக்குஸில் எதிரெதிரே நிற்கும் சயாமியக் கோயிலிலும் பர்மியக் கோயிலிலும். சித்திரைப் புத்தாண்டும் அதே வாரம். கைபேசியை நெகிழிப் பையில் போட்டுவிடுங்கள். ஜூலை 7 ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரான நாள், மாநில விடுமுறை. 2008இல் யுனெஸ்கோ அறிவித்தது. அதை ஒட்டிய நாட்களில் பழைய நகரத் தெருக்களில் கைத்தொழில், சமையல், ஆட்டம் எல்லாம் நடக்கும். சிறுவர்களோடு போகிறவர்களுக்கு ஏற்றது. அதே மாதம் ஜப்பானியர் போன் ஒடோரி ஆட்டம் உண்டு. டிசம்பரில் சிங்கே ஊர்வலம்: பல மீட்டர் உயரக் கொடிமரத்தை நெற்றியிலும் பல்லிலும் தாங்கி ஆடுவார்கள். கொடி சரிந்தால் விழும் பக்கம் பார்வையாளர் பக்கம்தான், முதல் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள்.

கடைசியாகத் திரும்பும் டிக்கெட். மேலே சொன்ன விழாக்களில் பெரும்பாலானவை நள்ளிரவு தாண்டி முடிகிறவை, ரத நாளோ விடியுமுன் தொடங்குவது. மறுநாள் காலை ரயிலை எடுத்துவிட்டு, இரவு 11 மணிக்கே கடிகாரத்தைப் பார்த்தபடி கூட்டத்தை விட்டு வெளியேறுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பிற்பகல் ரயிலை எடுங்கள்.